புளியங்கொட்டை நாலு, சாக்பீஸ் ஒன்னு: நெட் இல்லாம ஒரு மதியத்தை ஓட்டுறது எப்படி

போன மே மாசம் எங்க தெருவுல ரோடு தோண்டும்போது கேபிள் அறுந்துபோச்சு, ரெண்டு நாள் நெட் இல்ல. அண்ணன் பிள்ளைங்க ரெண்டும் லீவுக்கு வந்திருந்துச்சுங்க. மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் பெரியவ வந்து "அத்தை, இப்ப என்ன பண்றது?"ன்னு கேட்டா. சும்மா கேக்கல, உண்மையிலேயே தெரியாம கேட்டா. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. அவ வயசுல நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஆச்சி வீட்ல ரெண்டு மாசம் முழுசா இருப்பேன், ஒரு நாளும் இந்தக் கேள்வி வாயில வந்ததில்ல. இந்தியாவுல பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-ல தான், அதுவும் சில பெரிய நகரத்துல மட்டும், எங்க ஊரு வரைக்கும் வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் மத்தியானம் ரெண்டு மணிலேர்ந்து வெயில் தாழுற வரைக்கும் வெளிய விட மாட்டாங்க, அந்த மூணு மணி நேரத்தை வீட்டுக்குள்ளயே ஓட்டணும். ஓட்டினோம். எப்படின்னு தான் இங்க எழுதுறேன், படிச்சுட்டு இந்த ஞாயித்துக்கிழமையே நீங்க உக்காந்து ஆடலாம், பத்து ரூபா கூட செலவு ஆகாது.

முதல்ல கொட்டை தேய்க்கணும்

விளையாட்டுன்னா உடனே ஆரம்பிக்கிறதுன்னு நினைக்காதீங்க. அப்போ பாதி நேரம் விளையாட்டுச் சாமானைச் செய்யறதுலயே போயிரும், அதுவும் விளையாட்டு தான். மாசி பங்குனில புளி வரும், வருஷத்துக்கு வேண்டிய புளியை வாங்கி ஆச்சி கூடத்துல குவிச்சுப் போட்டு கொட்டை எடுப்பாங்க, பக்கத்து வீட்டு அக்காமாரெல்லாம் வந்து உக்காந்துக்குவாங்க. அந்தக் கொட்டையைத் தூக்கிப்போட மாட்டாங்க, கழுவிக் காயவச்சு ஒரு டப்பாவுல போட்டு வச்சிருப்பாங்க. பள்ளிக்கூடம் லீவு விடுறதுக்கும் அந்த டப்பா நிறையறதுக்கும் சரியா இருக்கும்.

அதுல ஒரே அளவா, ஒரு பக்கமாவது கொஞ்சம் தட்டையா இருக்கற கொட்டை நாலு பொறுக்குங்க. புழு அரிச்ச ஓட்டை இருந்தா வேண்டாம். சொரசொரப்பான சிமெண்ட் தரை, இல்லேன்னா துணி துவைக்கிற கல்லு, அதுல தட்டைப் பக்கத்தை வச்சு ஆள்காட்டி விரலால அழுத்தி முன்னும் பின்னும் தேய்ங்க. முதல்ல அந்த பளபளப்பு போகும், அப்புறம் காப்பித்தூள் மாதிரி பொடி உதிரும், அதுக்கப்புறம் நடுவுல ஒரு பொட்டு அளவுக்கு வெள்ளை தெரியும். அந்தப் பொட்டு மெதுவா விரிஞ்சு ஓரம் வரைக்கும் வரணும். ஓரத்தைத் தொட்டதும் நிறுத்திருங்க, ஆசைப்பட்டு இன்னும் தேய்ச்சா கொட்டை ரெண்டா பிளந்துரும். தேய்க்கும்போது விரல் நுனி சுடும், அந்தச் சூட்டோட பக்கத்துல இருக்கறவன் கையில வச்சா அலறுவான், எங்க வீட்ல தினமும் ஒரு சண்டை இதுல தான் ஆரம்பிக்கும். உங்க வீட்லயும் பிள்ளைங்க கண்டுபிடிச்சிரும், கண்ணுகிட்ட கொண்டுபோகக் கூடாதுன்னு மட்டும் சொல்லி வைங்க.

நாலும் ஆனதும் கையில குலுக்கி ஒரு இருபது தடவை போட்டுப் பாருங்க. ஏதாவது ஒரு கொட்டை திரும்பத் திரும்ப ஒரே பக்கமா விழுந்தா அதை மாத்திருங்க. இதைச் செய்யாம விட்டீங்கன்னா பின்னாடி ஆட்டத்துல தகராறு வரும்.

தாயம்

தரையில சாக்பீஸால 5-க்கு 5, மொத்தம் 25 கட்டம் போடுங்க. நாலு பக்கத்துலயும் நடுக் கட்டத்துல ஒரு பெருக்கல் குறி, கட்டத்துக்கு நட்ட நடுவுலயும் ஒன்னு. பெருக்கல் போட்ட கட்டத்துக்கு எங்க பக்கம் மலைன்னு பேரு, அங்க நிக்கற காயை யாரும் வெட்ட முடியாது. நடுவுல இருக்கறது பழம், அங்க போய்ச் சேர்றது தான் ஆட்டமே.

ரெண்டு பேர், மூணு பேர், நாலு பேர் வரைக்கும் ஆடலாம். ஒருத்தருக்கு நாலு காய். உடஞ்ச வளையல் துண்டு, சீத்தாப்பழக் கொட்டை, சட்டை பட்டன், குச்சித் துண்டு, எது வேணா எடுங்க, ஆளுக்கொரு நிறமா இருந்தா போதும். ஆச்சிக்கு எப்பவும் பச்சை வளையல் தான், வேற யாரும் எடுக்கக் கூடாது.

கொட்டையைப் போட்டா எத்தனை வெள்ளை தெரியுதோ அத்தனை எண். ஒரு வெள்ளைன்னா தாயம். நாலும் வெள்ளைன்னா நாலு, நாலும் கறுப்பா விழுந்தா எட்டு. தாயம், நாலு, எட்டு மூணுக்கும் இன்னொரு தடவை போடலாம். தாயம் விழுந்தா தான் காய் இறங்கும், உங்க பக்கத்து மலையில வைக்கணும். அங்கேர்ந்து வெளிச்சுத்தை கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா சுத்தி, திரும்ப உங்க மலைக்கு முந்தின கட்டத்துக்கு வந்ததும் உள்சுத்துக்குள்ள திரும்பி, இப்போ கடிகார முள் போற பக்கமா சுத்தி, கடைசியா பழம். எண்ணிப் பாத்தா இறங்கின கட்டத்துலேர்ந்து பழம் வரைக்கும் சரியா 24 நகர்த்தல். பழத்துக்குள்ள போறதுக்கு மிச்சம் எத்தனை கட்டமோ அத்தனையே விழணும், கூட விழுந்தா செல்லாது.

எதிராளி காய் நிக்கற கட்டத்துல உங்க காய் போய் விழுந்தா வெட்டு. அந்தக் காய் வெளிய போயிரும், மறுபடி தாயம் போட்டுத்தான் இறங்கணும், வெட்டினவங்களுக்கு இன்னொரு ஆட்டம். இதுல ஒரு சட்டம் இருக்கு, அதை விட்டுட்டா தாயமே இல்ல: ஒரு வெட்டாவது வெட்டாதவங்க உள்சுத்துக்குள்ள போக முடியாது. வெளியவே சுத்திக்கிட்டு இருக்கணும். அதனால பயந்துகிட்டு மலையிலயே ஒளிஞ்சிருந்து ஜெயிக்கலாம்னு யாரும் நினைக்க முடியாது, எல்லாரும் ஒரு கட்டத்துல துணிஞ்சு வெளிய வந்தாகணும். சாது மாதிரி இருக்கற எங்க சித்தி இந்த இடம் வந்ததும் ஆளே மாறிருவாங்க.

இப்போ ஆடத் தெரிஞ்சவங்க சொல்லித் தர்ற விஷயம். நாலு கொட்டை விழற விதம் மொத்தம் பதினாறு. அதுல ஆறு விதத்துல ரெண்டு விழும், தாயமும் மூணும் ஆளுக்கு நாலு விதம், நாலும் எட்டும் ஒவ்வொன்னு. அதாவது ரெண்டு தான் அதிகமா விழும். அதனால எதிராளி காய்க்கு ரெண்டு கட்டம் முன்னாடி மட்டும் நிக்காதீங்க. வேற வழியே இல்லேன்னா நாலு கட்டம் தள்ளி நில்லுங்க, ஒரே போடுல வெட்டு வாங்குற வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்ல, இந்தக் கணக்கெல்லாம் சொல்ல மாட்டாங்க, ஆனா நான் ரெண்டு தள்ளி காயை வச்சா "ஏட்டி, வாயில கொண்டு வைக்கியே"ன்னு சிரிப்பாங்க. பெரியவளான பிறகு ஒரு நாள் பேப்பர்ல எழுதிப் பாத்தப்போ தான் அவங்க சொன்னது எவ்வளவு சரின்னு புரிஞ்சுது.

வீட்ல பித்தளைத் தாயக்கட்டை இருந்தா இன்னும் நல்லது, பாத்திரக் கடையில இப்பவும் கிடைக்குது. நீளமா ரெண்டு கட்டை, நாலு பக்கம், ஒரு பக்கம் வெறுமை, மத்த மூணுல ஒன்னு ரெண்டு மூணுன்னு புள்ளி. ரெண்டுலயும் வெறுமை விழுந்தா பன்னெண்டு. அதுக்கு 25 கட்டம் பத்தாது, 7-க்கு 7 போட்டு அதே மாதிரி வெளிச்சுத்து, நடுச்சுத்து, உள்சுத்துன்னு போகணும், திசையை ஒவ்வொரு சுத்துக்கும் மாத்தணுமா வேண்டாமான்னு முன்கூட்டியே பேசிக்கோங்க. எங்க வீட்ல தாயம், அஞ்சு, ஆறு, பன்னெண்டுக்கு மறு ஆட்டம். கட்டையில தாயம் விழறது கொட்டையை விடக் கஷ்டம், பதினாறுக்கு ரெண்டு விதம் தான், கொட்டையில நாலு. ஒரு காய் இறங்கறதுக்கே அரை மணி நேரம் காத்திருந்த ஆட்டமெல்லாம் உண்டு. இதுல அதிகமா விழறது மூணு, அதனால மூணு தள்ளி நிக்காதீங்க.

அந்தக் கட்டையை ஆச்சி உருட்டுற விதம் இருக்கே. ரெண்டையும் உள்ளங்கை நடுவுல வச்சு, சப்பாத்தி மாவு உருட்டுற மாதிரி மேலும் கீழும் நாலு உருட்டு, ஒன்னோட ஒன்னு உரசி கிண்கிண்ணுன்னு ஒரு சத்தம், அப்புறம் கையை லேசா விரிச்சுத் தரையில விடுவாங்க, எறிய மாட்டாங்க. வாய் மட்டும் "ஒரு தாயம், ஒரே ஒரு தாயம்"னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். சாயங்காலம் காப்பி குடிக்கும்போது கூட கையில பித்தளை வாசனை அடிக்கும்.

வைகுண்ட ஏகாதசி அன்னிக்கு ராத்திரி கண் முழிக்கணுமே, அதுக்கும் தாயக்கட்டையும் பரமபதமும் தான். பெரியவங்க ஒரு வட்டம், சின்னவங்க ஒரு வட்டம், விடிய விடிய.

பல்லாங்குழி

தாயம் அதிர்ஷ்டம் பாதி, சாமர்த்தியம் பாதி. பல்லாங்குழில அதிர்ஷ்டமே கிடையாது, முழுக்க எண்ணிக்கை. பக்கத்துக்கு ஏழா பதினாலு குழி. சில குடும்பங்கள்ல கல்யாணச் சீர்லயே பல்லாங்குழி வச்சுக் கொடுப்பாங்க, உங்க பாட்டி வீட்டுப் பரண்ல ஒன்னு இருக்கும், ஏறிப் பாருங்க. இல்லேன்னா சாக்பீஸால பதினாலு வட்டம் போட்டா போதும், இல்ல சின்னக் கிண்ணம் அடுக்கிக்கோங்க. குழிக்கு அஞ்சா எழுபது காய் வேணும், சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி எதுவா இருந்தாலும் சரி. ஊருக்கு ஊர் ஆட்டம் மாறும், குழிக்கு ஆறு போட்டும் பன்னெண்டு போட்டும் ஆடறவங்க இருக்காங்க, நான் சொல்றது எங்க வீட்டு ஆட்டம்.

உங்க பக்கத்துல ஏதாவது ஒரு குழிக் காயை மொத்தமா அள்ளி, வலது பக்கமா குழிக்கு ஒன்னா போட்டுக்கிட்டே போங்க, எதிராளி பக்கமும் போகும். கையில இருக்கறது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளி அதே மாதிரி தொடருங்க. கை தீர்ந்து, அடுத்த குழி காலியா இருந்தா அதைத் துடைச்சுட்டு அதுக்கடுத்த குழில இருக்கறது எல்லாம் உங்களுக்கு, உங்க ஆட்டம் முடிஞ்சுது. அதுவும் காலின்னா ஒன்னும் கிடையாது. இடையில எந்தக் குழிலயாவது காய் சேர்ந்து சரியா நாலு ஆயிருச்சுன்னா அது பசு. யார் பக்கத்துக் குழியோ அவங்க உடனே எடுத்துக்கணும், கவனிக்காம அடுத்த காய் விழுந்துருச்சுன்னா போச்சு. இந்த பசுவுக்காகத்தான் எதிராளி ஆடும்போதும் கண்ணு குழியிலயே இருக்கும்.

முதல் தடவை ஆடறவங்களுக்கு ஒரு பரிசோதனை சொல்றேன். எல்லாக் குழிலயும் அஞ்சு இருக்கும்போது எந்தக் குழில ஆரம்பிச்சாலும் முதல் ஆட்டத்துல சரியா ஏழு காய் கிடைக்கும். ஏன்னா எல்லாக் குழியும் ஒரே மாதிரி நிறைஞ்சிருக்கு, எங்கேர்ந்து சுத்தினாலும் ஒரே சுத்து தான். ஆரம்பிச்ச குழியை அஞ்சையும் போட்டு, அடுத்தது அஞ்சு, அடுத்தது அஞ்சு, அப்புறம் ஆறு, இன்னொரு ஆறு, அதோட காலிக் குழி வரும், அதைத் துடைச்சா ஏழு. ஏழு வரலேன்னா நடுவுல எங்கயோ ஒரு குழிக்கு ரெண்டு காய் போட்டுட்டீங்க, திரும்ப அடுக்கிட்டு மெதுவா போடுங்க. முதல்ல ஆடறவங்களுக்கு இந்த ஏழு எப்பவும் உறுதி, அதனால ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆள் மாத்தி ஆரம்பிக்கறது தான் நியாயம்.

ஒருத்தர் பக்கம் முழுசும் காலியாகி அவங்களால ஆட முடியலேன்னா அந்தச் சுத்து முடிஞ்சுது, மிச்சம் இருக்கறதை அந்தப் பக்கத்துக்காரங்க எடுத்துக்குவாங்க. அப்புறம் அவங்கவங்க ஜெயிச்ச காயை வச்சு அவங்கவங்க குழியை அஞ்சஞ்சா நிரப்பணும். 32 தான் இருக்குன்னா ஆறு குழி நிறையும், ரெண்டு கையில நிக்கும், ஏழாவது குழில ஒரு குச்சியைப் போட்டு மூடிருவோம், அந்தச் சுத்து முழுக்க அதுல யாரும் காய் போடக் கூடாது. இப்படி ஒருத்தருக்கு குழி குறைஞ்சுக்கிட்டே போகும். ஆனா ஒரே ஒரு குழில உக்காந்திருந்த ஆளு திரும்ப ஏழையும் பிடிச்சதை நான் பாத்திருக்கேன், அதனால தோக்கறோம்னு எந்திரிச்சுப் போயிராதீங்க. எண்ணத் தெரியாத சின்னப் பிள்ளைங்களுக்கு இதை விட நல்ல கணக்கு வாத்தியார் கிடையாதுன்னு நான் உறுதியா நம்புறேன், அண்ணனோட சின்னவன் ரெண்டே நாள்ல குழியைப் பாத்ததுமே தொடாம எண்ணிக்கை சொல்ல ஆரம்பிச்சுட்டான்.

ஆடுபுலி

பேசாம உக்காந்து ஆடறவங்களுக்கு இது. பழைய கோயில் மண்டபத்துத் தரையில கல்லுல கோடு கீறி வச்சிருப்பாங்களே, பாத்திருப்பீங்க, அது தான். உச்சியில ஒரு புள்ளி, அங்கேர்ந்து கீழ நாலு கோடு விரிஞ்சு இறங்கி ஒரு அடிக்கோட்டுல முடியணும். நடுவுல குறுக்க மூணு படுக்கைக்கோடு, ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெளிய நீட்டி, அந்த நுனிகளை மேலேர்ந்து கீழ ஒரு கோட்டால சேர்த்துருங்க. கோடு சேர்ற இடமெல்லாம் எண்ணுங்க: உச்சி ஒன்னு, மூணு படுக்கைக்கோட்டுல ஆறாறு, அடியில நாலு, மொத்தம் 23 வரணும்.

புலி மூணு, ஆடு பதினஞ்சு. ஒரு புலி உச்சியில, ரெண்டு புலி அதுக்குக் கீழ முதல் படுக்கைக்கோட்டுல நடுப்புள்ளி ரெண்டுல. ஆட்டுக்காரர் ஒரு ஆடு வைக்கணும், புலிக்காரர் ஒரு புலியை நகர்த்தணும், இப்படியே மாறி மாறி. பதினஞ்சும் இறங்கற வரைக்கும் ஆடு நகரக் கூடாது. பக்கத்துல ஒத்தை ஆடு நின்னு, அதுக்கு நேர் பின்னாடி காலியா இருந்தா புலி தாண்டிக் குதிச்சு அடிச்சுரும். ரெண்டு ஆடு சேர்ந்து பின்னும் முன்னுமா நின்னா தாண்ட முடியாது. மூணு புலியையும் நகர விடாம கட்டினா ஆடு ஜெயிச்சுது.

ஆட்டுக்காரருக்கு ஒரே புத்தி தான்: மூலையிலேர்ந்து ஆரம்பிங்க. மேல் படுக்கைக்கோட்டுலயும் கீழ் படுக்கைக்கோட்டுலயும் இருக்கற நுனிப் புள்ளிகள்லயும் அடிக்கோட்டோட ரெண்டு ஓரத்துலயும் நிக்கற ஆட்டைத் தாண்ட அந்தப் பக்கம் இடமே கிடையாது. அங்கேர்ந்து ஒட்டி ஒட்டி மேல ஏறுங்க, நடுவுல தனியா ஒன்னை விடாதீங்க. அஞ்சாறு ஆடு போயிருச்சுன்னா புலியைக் கட்டறது நடக்காத காரியம், அப்போ ஆள் மாறிக்கலாம்.

வெயில் தாழ்ந்ததும் பொம்பளப் பிள்ளைங்க திண்ணையில அஞ்சாங்கல் ஆட வந்துரும். தாமிரபரணில குளிக்கப் போகும்போதே நெல்லிக்காய் அளவுல அஞ்சு கூழாங்கல் பொறுக்கி வச்சுக்குவோம். ஒன்னை மேல விட்டுட்டு அது இறங்கறதுக்குள்ள கீழ இருக்கறதை ஒன்னொன்னா எடுக்கணும், அப்புறம் ரெண்டு ரெண்டா, அப்புறம் மூணும் ஒன்னும், அப்புறம் நாலும் சேர்த்து. இதை எழுதிச் சொல்லித்தர முடியாது, கை தான் கத்துக்கணும். கரண்ட் போனா விடுகதை. அம்மா படுத்திருக்க மக ஓடித் திரிவா, அது என்ன? அம்மியும் குழவியும். மரத்துக்கு மேல பழம், பழத்துக்கு மேல மரம்? அன்னாசி. பத்து விடுகதை தெரிஞ்ச ஆளு தெருவுக்கே ராசா.

இதெல்லாம் ஆட உக்காரும்போது ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க. ஒன்னு, போனை எல்லாரும் வேற ரூம்ல வச்சிருங்க, பெரியவங்களும் தான். அடுத்தவங்க ஆட்டத்துக்குக் காத்திருக்கற நேரத்துல தான் கேலி, பேச்சு, பழைய கதை எல்லாம் வரும், அந்த நேரத்துல போனைப் பாத்தா வெறும் கட்டம் மட்டும் தான் மிஞ்சும். இன்னொன்னு, சட்டத்தை எல்லாம் முதல்லயே பேசி முடிச்சுருங்க. எட்டு மூணு தடவை விழுந்தா செல்லுமா, ஒரே கட்டத்துல ரெண்டு காய் நின்னா வெட்டலாமா, கொட்டை சாஞ்சு நின்னா திரும்பப் போடணுமா. பாதி ஆட்டத்துல பேசினா அது அழுகுணி ஆட்டம்னு தான் முடியும்.

இதுல எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. நான் மேல சொன்ன சட்டமெல்லாம் எங்க வீட்டுச் சட்டம். உங்க வீட்ல வேற மாதிரி இருந்திருக்கும், அது எந்தப் புத்தகத்துலயும் இருக்காது, உங்க ஆச்சிக்கோ அப்பத்தாவுக்கோ பெரிய அத்தைக்கோ மட்டும் தான் தெரியும். ஆச்சி வேற ஒரு பல்லாங்குழி ஆட்டம் ஆடுவாங்க, நடுக்குழி ரெண்டுலயும் ஒவ்வொரு காய் மட்டும் வச்சு, மத்த பன்னெண்டு குழிலயும் பன்னெண்டு பன்னெண்டு, மொத்தம் 146 காய். அடுக்கறது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அந்த நடுக்குழியை எப்ப யார் எடுக்கலாம்ங்கறது மறந்துபோச்சு. கேக்க இப்போ ஆச்சி இல்ல. அவங்க இருக்கும்போது ஒரு மத்தியானம் உக்காந்து கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். அதனால உங்க வீட்ல வயசானவங்க இருந்தா இந்த ஞாயித்துக்கிழமை கட்டத்தை நீங்க போடாதீங்க, சாக்பீஸை அவங்க கையில கொடுங்க. எத்தனை கட்டம், எங்க மலை, எதுக்கு மறு ஆட்டம்னு அவங்க சொல்லச் சொல்ல ஒரு நோட்டுல எழுதிக்கோங்க. முட்டி வலிக்குதுன்னு சொல்லுவாங்க, கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு அது மேல அட்டையில கட்டம் போட்டா போதும்.

ரெண்டாவது நாள் சாயங்காலம் எங்களுக்கு நெட் வந்துருச்சு. சின்னவன் போனை எடுக்க ஓடினான். பெரியவ போகல, அவளுக்கு ஒரு காய் இன்னும் உள்சுத்துல நின்னுச்சு, பழத்துக்கு மூணு கட்டம் பாக்கி, கொட்டையைக் கையில குலுக்கிக்கிட்டே "அத்தை, மூணு விழுற வரைக்கும் இருங்க"ன்னா.